பாராட்டியவர்தான் டீ போட வேண்டும்

எங்கள் அறையில் யாரும் யாருடைய கப்பலையும் பாராட்டக் கூடாது. வாய் தவறிப் பாராட்டிவிட்டால், பாராட்டியவர் எழுந்து போய் அங்கே இருக்கிற எல்லாருக்கும் டீ போட வேண்டும், குடித்து முடித்த பிறகு குவளைகளையும் கழுவ வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் இது. அலெக்சாந்திரியாவில் சிவப்பு விளக்குக்கு நிற்காதவர்கள்கூட இந்தச் சட்டத்துக்கு நின்றார்கள்.

கண் பட்டுவிடும் என்ற பயத்தில் ஆரம்பித்தது. நான் பல் டாக்டர், படித்தவள், கண் படுவதை நம்பலாமா என்று கேட்டால் நம்பவில்லை, ஆனால் வம்பு எதற்கு என்பேன். மாதக்கணக்கில் மரப் பட்டை பட்டையாக ஒட்டி வளர்த்த மாதிரிக் கப்பலை யாரோ வந்து ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுப் போக, மறுநாளே அதன் மேல் பூனை குதித்த கதை எங்கள் எல்லாரிடமும் உண்டு. அதனால் பாராட்டக் கூடாது, திட்டலாம். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்திருந்தோம். திட்டுக்குள்ளே உண்மையான குறை ஒன்று இருக்க வேண்டும். 'அசிங்கமாக இருக்கிறது' என்றால் செல்லாது. 'இந்தப் பாய்மரம் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் கல்யாண வீட்டிலிருந்து விடிகாலையில் திரும்பியது போல இருக்கிறது' என்றால் செல்லும். திட்டு வாங்கியவர் முறைத்துவிட்டு அளந்து பார்ப்பார். குறை உண்மை என்றால் பிரித்து மறுபடி செய்வார். நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டது இப்படித்தான்.

அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். அன்ஃபூஷியில், நிஜப் படகுகள் கட்டும் துறைக்குப் பின்னால், கப்பல் பெயின்ட் விற்கும் கடை ஒன்றின் கிடங்கு அது. மூச்சை இழுத்தால் டர்பன்டைன். படகுத் துறைக்காரர்கள் தூக்கிப் போடும் மல்பெரிக் கட்டைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து எங்கள் கப்பல்களுக்கு விலா எலும்பு அறுத்துக்கொள்வோம். நாங்கள் நான்கு பேர். கேப்டன் ஷவ்கி, தன் வாழ்நாளில் கடலில் கால் நனைத்ததில்லை, ரம்லே வழித்தடத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிபாவி, பள்ளியில் வேதியியல் வாத்தியார், பசையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் தவ்லத், மற்றவர்களுக்கு டாக்டரம்மா, கிளினிக்கில் தேய்ந்துபோன துளைக் கருவிகளை இங்கே கொண்டுவந்து பீரங்கி ஜன்னல் குடைகிறவள். நாலாவது ஆள் ராகிப்.

ராகிப் முடி திருத்துகிறவர். கைத்தொழிலில் கெட்டிக்காரனை இந்த ஊர் உஸ்தா என்று கூப்பிடும், அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். நாற்பது வருஷம் கத்தியையும் வாயையும் ஒரே கூர்மையில் வைத்திருந்த மனிதர். நான் என் முதல் கப்பலின் எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்குள் வந்த அன்று, அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, யாரோட தாடை இது? பாவம், கடவாப் பல்லு ரெண்டும் போயிருச்சே" என்றார். நான் வீட்டுக்குப் போய் என் மகளிடம் அரை மணி நேரம் கத்தினேன். பிறகு அளந்து பார்த்தேன். பின்பக்கத்தில் இரண்டு விலாக்களுக்கு நடுவே இடைவெளி தப்பாக இருந்தது. அடுத்த வாரம் சரி செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய பரிசு.

அவர் கட்டிக்கொண்டிருந்தது பாஷாக்கள் காலத்துப் போர்க்கப்பல். மூன்று பாய்மரம், இரண்டு அடுக்குப் பீரங்கி. கேப்டனுக்கு முடி வெட்டும்போது ஒரு நாள் காது நுனியைக் கீறிவிட்டார். படிகாரம் வைத்து ரத்தத்தை நிறுத்தினார், வாய் மட்டும் வழக்கம்போல ஓடியது, அவ்வளவு பெரிய காது வழியில் நின்றால் நான் என்ன செய்வது என்று. ஆனால் மறுநாள் காலையில் கடைச் சாவியைத் தன் அக்கா மகன் ஷாதியிடம் கொடுத்துவிட்டார். வலது கையில் நடுக்கம் வந்திருந்தது. நரம்பு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். உஸ்தா மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கடை போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது கப்பல்தான். மதியத்துக்கு மேல் வருவார், மாலை வரை இருப்பார். எங்கள் கப்பல்களைத் திட்டுவது குறையவில்லை. அவர் கப்பலை நாங்கள் திட்டுவதுதான் மெல்ல மெல்லக் குறைந்தது. அது எப்போது குறைய ஆரம்பித்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

துடைப்பம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் நவம்பர் புயல் ஊரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள். உஸ்தா ஈரத் துணியால் மூடி வைத்திருந்த கப்பலைத் திறந்து மேஜையில் வைத்தார். பக்கப் பட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தார், ஒரு பக்கம் முக்கால்வாசி முடிந்திருந்தது. பிபாவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு உஸ்தா. ஆண்டவர் உங்க கையை ஆசீர்வதிக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. பிபாவி எழுந்து அடுப்புப் பக்கம் போவார் என்று பார்த்தேன், போகவில்லை. அதற்குள் கேப்டனும் ஆரம்பித்துவிட்டார். "ஆமாப்பா. பட்டை எல்லாம் வழுவழுன்னு உக்காந்திருக்கு." அவரும் எழுந்திருக்கவில்லை.

உஸ்தா என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

நான் கப்பலின் மூக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால், கப்பலுக்கு முதுகெலும்பு போல நீளவாட்டில் ஓடும் அடிமரம் முழுக்கத் தெரியும். அது வளைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பட்டைகளை ஒட்டிக்கொண்டே போனால், காய்ந்து இறுகும் பட்டைகள் அத்தனையும் சேர்ந்து கப்பலைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். இது எங்களுக்கு அரிச்சுவடி. இந்தத் தப்புக்கு 'வாழைப்பழம்' என்று பெயர் வைத்தவரே உஸ்தாதான். அந்த ஆளே வாழைப்பழம் செய்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வலது கையைச் சட்டைப் பைக்குள் அமுக்கி வைத்திருந்தார்.

"அழகா இருக்கு உஸ்தா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பி அடுப்புக்குப் போனார். நெருப்புக் குச்சி மூன்று தடவை அணைந்தது. எங்கள் மூன்று பேருக்கும் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்திருக்கத் துணிவில்லை. குவளைகள் தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ள அவரே கொண்டுவந்து வைத்தார். பாதி டீ தட்டில் கிடந்தது.

"மூணு பேரு பாராட்டினீங்க, ஒருத்தரும் எந்திரிக்கலை" என்றார். "அப்ப நீங்க பாராட்டினது கப்பலை இல்லை. குடிங்க. சர்க்கரை போடலை. துக்க வீட்டுல சர்க்கரை போட மாட்டாங்க இல்லையா?"

கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் அந்தக் கசப்பு டீயைக் குடித்தோம், மிச்சம் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. முதல் வாரம் புயல் என்று சொல்லிக்கொண்டோம். புயல் ஓய்ந்து, மத்தி மீன் மலிந்து, தெருவெல்லாம் வறுக்கிற வாசனை வந்த பிறகும் வரவில்லை. கேப்டன் ஒரு செய்தி கொண்டுவந்தார். வசந்தத்தில் நடக்கும் கைவினைக் கண்காட்சிக்கு ஹிஷ்மத் என்று ஒரு செயலாளர் உண்டு, ஷாதியிடம்தான் முகம் மழித்துக்கொள்வார். உஸ்தாவுக்குத் தனியாக ஒரு சிறப்பு விருது கொடுக்கப்போகிறாராம். 'நோயை வென்ற கரங்கள்'. தனி மேஜை, வெல்வெட் துணி, கழுத்தில் போட ஒரு பட்டுத்துணிப் பட்டை. கப்பல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றாராம். ஷாதி சரி என்று சொல்லிவிட்டான். உஸ்தா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, கடை மூலையில் உட்கார்ந்து கிடக்கிறார்.

கப்பல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. இனி உஸ்தாவுக்கு இரண்டே வழி. கப்பல்காரராக இருப்பதை விட்டுவிட வேண்டும், அல்லது கழுத்தில் பட்டையோடு நோயாளியாக மேடையில் நிற்க வேண்டும். அவரை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தியதில் எங்கள் மூன்று பேரின் இனிமையான வாய்க்கும் பங்கு உண்டு.

பிபாவி ஒரு யோசனை வைத்திருந்தார். கெட்டிலில் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்துவிட்டார். வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும், பட்டைகளைப் பக்குவமாகக் கழற்றி, அடிமரத்தை நேராக்கி, நாமே இரண்டு பக்கமும் ஒட்டித் திரும்ப வைத்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்றார். கேப்டனும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தெரியாம செஞ்சு குடுத்தா அது யார் கப்பல் வாத்தியாரே?" என்றேன். "கத்தரிக்கோல் போச்சு, கடை போச்சு. இதையும் நாமளே புடுங்கிக்கலாமா?"

கெட்டிலை அணைத்தேன். கப்பலை என் வெள்ளைக் கோட்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம், முடிதிருத்தகம் நிரம்பி வழியும் நேரம். கடை இருந்த பஹரிப் பேட்டையில் ஆண்கள் முடி வெட்டும் கடைக்குள் பெண்பிள்ளை நுழைவது வழக்கமில்லை. நான் நுழைந்ததும் கத்தரிக்கோல் சத்தம் நின்றது, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உஸ்தா கடைசி மூலையில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கப்பலை அதில் வைத்தேன். அடுத்தது என் முறை என்று மீசைக்காரர் ஒருவர் எழுந்தார். இதற்கு உங்களைவிட அவசரம் என்று அவரை உட்கார வைத்தேன்.

"உஸ்தா, யாரோட வாழைப்பழம் இது?"

அவர் நிமிரவே இல்லை. "வீட்டுக்குப் போங்க டாக்டரம்மா."

"போறேன். திட்டிட்டுப் போறேன். இந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கெளம்பினா நேராப் போகாது. வட்டமடிச்சு மறுபடி மீன் மார்க்கெட் வாசல்லயே வந்து நிக்கும். எதிரி சுடவே வேண்டாம், இதுல இருந்து சுட்ட குண்டு சுத்தி வந்து இது முதுகுலயே விழும்."

நுரை முகத்துக்காரர் சிரித்துவிட்டார். ஷாதி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு உடம்பு சரியில்லை, இப்படிப் பேசலாமா என்று கெஞ்சினான். கேப்டன் என் சால்வை நுனியை இழுத்தார். உஸ்தா மட்டும் மெல்ல எழுந்தார்.

"என் கை..." என்று ஆரம்பித்தார்.

"கையைப் பத்தி யாரு பேசினா? கை நடுங்கட்டும். கண்ணும் சேர்ந்தா நடுங்குது? ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டே போறது மொத நாள் வந்தவன் பண்ற தப்பு. கேப்டன் பண்ணினப்ப ரெண்டு மாசம் அவரைப் பழக்கடைக்காரர்னு கூப்பிட்டீங்க. உங்களை என்னன்னு கூப்பிடறது, தோட்டக்காரர்னா?"

அவர் முகம் சிவந்தது. பல வாரமாக அந்த முகத்தில் ரத்தம் ஓடியிருக்காது. கப்பல் அருகே வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து வால் வரை அடிமரத்தின் மேல் பார்வையை ஓட்டினார். ஓட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தெரியாம இல்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மூக்குப் பக்கம் பட்டையை வளைச்சுப் பிடிக்க உறுதியான கை வேணும். இடது கைதான் எனக்கு நிக்குது. இந்தப் பக்கம் ஒட்டறப்ப மூக்கு இடது கைக்கு வருது, சரியா வருது. அந்தப் பக்கம் திரும்பினா மூக்கு வலது கைக்குப் போயிடுது. கை நின்ன பக்கத்தையாவது முடிச்சிடலாம்னு பாத்தேன்."

இந்த ஒன்றைச் சொல்ல முடியாமல்தான் மனிதர் ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது கருணையாகப் பேசினால் எல்லாம் மறுபடி கெட்டுவிடும் என்று தெரியும், அதனால் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"நாப்பது வருஷம் சவரம் பண்ணினீங்களே. ஒரு கன்னம் முடிஞ்சதும் மறு கன்னத்துக்கு என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? தலையைத் திருப்புவேன்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு கப்பலை எடுத்தார். அதைப் பக்கவாட்டில் திருப்பினார், மூக்கு வலது கைக்குப் போனது. பழையபடி வைத்தார். அப்புறம் உருட்டினார், பாய்மரம் நட வேண்டிய பக்கம் கீழே போய் அடிமரம் மேலே வரும்படி, அப்படியே தலைகீழாக. மறு பக்கம் இப்போது அவர் முன்னால் இருந்தது. மூக்கு இடது கையிலேயே இருந்தது.

ஒரு பட்டைக்கு நிமிர்த்தி, அடுத்த பட்டைக்குக் கவிழ்த்து. இவ்வளவுதான். பல் டாக்டரும் வேதியியல் வாத்தியாரும் டிராம் ஓட்டியும் அனுதாபப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டோம், ஒருவரும் கப்பலைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"ஷாதி, சுடுதண்ணி கொண்டா, துண்டும் வேணும்" என்றார் உஸ்தா. குரல் பழைய கடைக்காரர் குரல். ஷாதி ஓடினான்.

கப்பலை நாற்காலியில் சாய்த்து, சவரத்துக்கு முன் கன்னத்தில் போடும் சூடான துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து அதன் மேல் சுற்றினார். ஆவி கிளம்பிக் கண்ணாடி மங்கியது. காத்திருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பசை இளகியதும் முதல் பட்டையின் நுனியை இடது கையால் நெம்பிக் கழற்றினார். நடுவில் ஒரு பட்டை முறிந்தபோது ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார், இன்னொன்று முறிந்தபோது மன்னிப்பும் கேட்கவில்லை. பிபாவி, வெள்ளைப் பசை எத்தனை சூட்டில் இளகும் என்று மீசைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வெறும் எலும்புக்கூடு மிஞ்சியது. இழுக்கப் பட்டை இல்லாததால் அடிமரம் தானாகவே பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் மதியம் அறைக்கு வந்தார். வந்ததும் என் பாய்மரக் கயிறுகளைப் பார்த்து, துணி காயப்போடத்தானே கட்டியிருக்கிறீர்கள் என்றார். கயிறு தொய்வாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தி தீட்டும் தோல் வாரால் வலது முன்கையை மேஜையோடு கட்டிக்கொள்வார். நடுக்கம் ஓயும் ஒரு நொடிக்காக, பட்டையை நிறுத்தும் குண்டூசியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், ஓய்ந்ததும் குத்துவார். ஒரு பட்டைக்கு ஒரு மதியம் போகும். எங்களை விளக்கைப் பிடிக்க மட்டும் விடுவார். விளக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, திட்ட வேண்டும். பிபாவிக்குத்தான் முதலில் வாய் வரவில்லை. பயந்து பயந்து, இந்த இடத்தில் பட்டை கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று ஆரம்பித்தவர், குளிர் விலகுவதற்குள், இந்த வயிற்றைப் பார்த்தால் கப்பல் முழுகாமல் இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். உஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு அந்த வயிற்றைச் சுரண்டிச் சமன் செய்தார்.

கண்காட்சி வந்தபோது பட்டை வேலை முடிந்திருந்தது, பாய்மரம் ஒன்றுகூட நடவில்லை. முடிக்காமல் காட்டலாமா என்று ஷாதி தயங்கினான். மொட்டைத் தலையை எத்தனை பேர் தைரியமாகத் தெருவில் காட்டுகிறார்கள் என்று உஸ்தா கேட்டார்.

ஹிஷ்மத் சொன்னபடியே செய்திருந்தார். வாசலுக்கு நேராகத் தனி மேஜை, சிவப்பு வெல்வெட், மேலே ஒரு விளக்கு, பெரிய எழுத்தில் 'நோயை வென்ற கரங்கள்'. காலையில் உஸ்தா வருவதற்கு முன்பே கப்பலை வாங்கி அங்கே வைத்துவிட்டார்கள். உஸ்தா வந்தார், பலகையைப் படித்தார். பிறகு இரண்டு கைகளாலும் கப்பலைத் தூக்கினார்.

கூடம் நீளமானது. எங்கள் கப்பல்கள் கடைசிக் கோடியில், மற்ற எல்லாருடைய கப்பல்களோடும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவர் கையில் கப்பல் ஆடிக்கொண்டே வந்தது. யார் யாரோ உதவ எழுந்தார்கள். கேப்டன் கையைக் குறுக்கே நீட்டி அவர்களைத் தடுத்தார், டிராம் கதவை மறிக்கிற மாதிரி. நாங்கள் மூன்று பேரும் அவரைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம், அது தொடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் வந்து சேர்ந்து, என் கப்பலை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தன் கப்பலை வைத்தார். "கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க டாக்டரம்மா. உங்களுது ரொம்ப எடம் பிடிக்குது" என்றார்.

ஹிஷ்மத் அந்தக் கழுத்துப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கெட்டவர் இல்லை, நன்றாக உடுத்திய, நல்லது செய்ய ஆசைப்படுகிற மனிதர். அற்புதமான படைப்பு உஸ்தா, அதுவும் உங்கள் நிலைமையில், என்று ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கினார்.

உஸ்தா பொறுமையாகக் கேட்டார். "எங்க அறையில ஒரு சட்டம் இருக்கு சார். பாராட்டினவங்கதான் எல்லாருக்கும் டீ போடணும். போட்டுக் கழுவியும் வைக்கணும். செய்வீங்களா?"

ஹிஷ்மத் சிரித்தார். சுற்றிப் பார்த்து, பணியாளைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

"அப்ப அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். பட்டையை யாராவது நோயாளிக்குப் போடுங்க" என்றார் உஸ்தா.

கேமரா கீழே இறங்கியது. வெல்வெட் மேஜை அன்று முழுக்கக் காலியாகவே கிடந்தது.

பிற்பகலில் நடுவர் வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பே கிடையாது. உஸ்தாவின் கப்பல் முன் நின்று ஒரு கண்ணை மூடி அடிமரத்தைப் பார்த்தார், விரலால் பட்டைகளைத் தடவினார். "மேலடுக்குல பின்னாடி இருந்து மூணாவது ஜன்னல், ஒரு நூல் ஏறியிருக்கு" என்றார்.

"தெரியும்" என்றார் உஸ்தா. "ரெண்டாவதும்தான்."

நடுவர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என் கப்பலுக்கு நகர்ந்தார், அதிலும் குறை சொன்னார். உஸ்தாவின் முகத்தைப் பார்த்தேன். தங்கப் பதக்கம் வாங்கியவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான். அவருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. எனக்கும் இல்லை. மூன்றாம் பரிசு கேப்டனுக்குப் போனது, அதற்காக அவர் இன்று வரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

மாலையில் கப்பல்களை அறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். நாலு பேரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். உஸ்தாவின் கப்பல் மேஜையில், மூக்கு என் பக்கமாக இருந்தது, துடைப்பப் புயலன்று இருந்த அதே இடத்தில். ஜன்னல் வழியாக வந்த வெயில் பட்டைகளின் மேல் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். மூக்கிலிருந்து வால் வரை அடிமரம் நேராக ஓடியது. இரண்டு பக்கமும் பட்டைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு வளைந்து போயின. அங்கங்கே ஊசி குத்திய தடம் தெரிந்தது, நடுவர் சொன்ன பீரங்கி ஜன்னல் ஒரு நூல் ஏறித்தான் இருந்தது. அந்த அறையில் அதுவரை அப்படி ஒரு கப்பலை நான் பார்த்ததில்லை.

"அழகா இருக்கு உஸ்தா" என்றேன்.

பிபாவி திடுக்கிட்டுப் பார்த்தார். உஸ்தா என்னைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். நாலு குவளை எடுத்து வைத்தேன். புதினா கிள்ளிப் போட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து, மழையன்று குடித்த கசப்புக்கும் சேர்த்துப் போட்டேன்.

உஸ்தா குவளையை இரண்டு கைகளாலும் வாங்கினார். கொஞ்சம் தட்டில் சிந்தியது, அதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது எல்லாரும் கவனித்து யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டாக்டரம்மா, கிளினிக்ல கூட்டம் இல்லைன்னா நேராச் சொல்லுங்க. இருக்கிற நாலு பல்லையும் இப்படியா காலி பண்றது?"

மூன்று கரண்டிக்கு ஐந்து கரண்டி போட்டிருந்தேன். குறை உண்மைதான். அவர் சொட்டு விடாமல் குடித்து முடித்து, குவளையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன்.